பெட்டியிலேயே இருந்த பைனாகுலர் ஏன் ஒட்டுகிறது?

கேள்வி: எட்டு வருஷத்துக்கு முன் வாங்கிய பைனாகுலர். இரண்டு மூன்று தடவைதான் வெளியே எடுத்திருப்பேன், மற்றபடி உறையோடு அலமாரியில்தான் கிடந்தது. இப்போது தொட்டால் வெல்லப்பாகு தடவினதுபோல் கையில் ஒட்டுகிறது. சோப்புத் தண்ணீரில் துடைத்தும் போகவில்லை. என்ன செய்யலாம்?

பதில்: அது அழுக்கே இல்லை, அதனால்தான் சோப்புக்கு அசையவில்லை. பிடிக்க மெத்தென்று இருக்கட்டும் என்று பிளாஸ்டிக் உடம்பின்மேல் ஒரு பெயிண்ட் அடிப்பார்கள். ரப்பர்போலத் தோன்றினாலும் பெரும்பாலும் அது பாலியூரிதேன். நீள நீளமான மூலக்கூறுச் சங்கிலிகள்தான் அந்தப் படலத்துக்குத் திடம் கொடுக்கின்றன. காற்றிலிருக்கும் ஈரம் உள்ளே புகுந்து, சங்கிலியிலுள்ள எஸ்டர் பிணைப்புகளை ஒவ்வொன்றாக அறுக்கிறது (பள்ளியில் படித்த நீராற்பகுப்புதான்), அறுந்த இடத்தில் உண்டாகும் அமிலம் அடுத்த பிணைப்பை இன்னும் வேகமாக அறுக்கிறது, கடைசியில் படலம் கூழாகிவிடுகிறது. வெப்பமும் கை வியர்வையும் இதைத் துரிதப்படுத்தும். ஆனால் நீங்கள் தொடாமலே வைத்திருந்தாலும் ஈரம் தொடாமல் இருக்காதே! பத்திரமாக எடுத்துவைத்த ஷூவின் அடிப்பாகம் திடீரென்று உதிர்வதும் பல நேரம் இதே கதைதான்.

சரி, பழையபடி ஆக்க முடியுமா? முடியாது. டால்கம் பவுடர் போட்டால் சில நாள் தாங்கும், அவ்வளவுதான். படலத்தை எடுத்துவிடுவதே வழி. ஐசோப்ரொப்பைல் ஆல்கஹால், 90 சதவீதத்துக்கு மேல் என்றால் நல்லது, பழைய பனியன் துணியில் நனைத்து (பைனாகுலர்மேல் நேரடியாக ஊற்றாதீர்கள்) தேயுங்கள். லென்ஸை முதலில் மூடிவிடுங்கள், ஜன்னலைத் திறந்துவையுங்கள், பக்கத்தில் அடுப்போ விளக்கோ எரியக் கூடாது. கறுப்புக் கறுப்பாக உரிந்து வரும், அருவருப்பாக இருக்கும், பொறுமை வேண்டும். என் பழைய மவுஸ் ஒன்றுக்கே ஒரு மணி நேரம் பிடித்தது. அச்சிட்ட எழுத்துகளும் கூடவே போய்விடலாம். அசிட்டோன் கலந்த நெயில் பாலிஷ் ரிமூவரை மட்டும் எடுக்கவே எடுக்காதீர்கள், அடியிலிருக்கும் பிளாஸ்டிக்கையே கரைத்துவிடும்.

அப்புறம் ஒன்று: உங்களுடையதில் இருப்பது பெயிண்ட் இல்லாமல் தடித்த ரப்பர் உறை என்றால், அடிவரைக்கும் தேய்த்துக்கொண்டே போகாதீர்கள். மேல்பிசுக்கை மட்டும் துடைத்துவிட்டு நிறுத்துங்கள்.