உள்பாக்கெட்டில் இருந்த அழைப்பிதழ்

மதிப்பிற்குரிய மேடத்துக்கு,

நியூயார்க்கில் ஃப்ளஷிங் பகுதியில் பதினோரு வருடமாக இருக்கிறோம். எனக்கு ஒரே பையன், வயது 14. போன செப்டம்பரில் ஒன்பதாம் வகுப்பில் சேர்ந்தான். இங்கே ஹைஸ்கூலின் முதல் வருடமான இதை ஃப்ரெஷ்மேன் வருடம் என்பார்கள். மன்ஹாட்டனில் இயேசு சபை என்ற கத்தோலிக்கத் துறவிகள் நடத்தும் பள்ளி, ஆண் பிள்ளைகள் மட்டும். நாங்கள் இந்துக்கள். ஆனால் என் கணவர் பாளையங்கோட்டையில் அவர்கள் விடுதியில் தங்கிப் படித்தவர். "என்னை மனுஷனாக்கினது ஃபாதர்மார்தான்" என்று இன்றைக்கும் சொல்வார். அவர் பிடிவாதத்தால்தான் சேர்த்தோம். அரசுப் பள்ளி வீட்டுக்குப் பக்கத்திலேயே இலவசமாக இருக்கும்போது, வருடம் 20,000 டாலருக்கு மேல் கட்டுகிறோம்.

சேர்ந்ததிலிருந்து பையன் மாறிவிட்டான். காலை ஆறரைக்கு டையும் கோட்டுமாக 7ஆம் நம்பர் ரயிலுக்குக் கிளம்பினால், ஓட்டப் பயிற்சி முடிந்து இரவு ஏழுக்குத்தான் வருகிறான். வந்ததும் அறைக் கதவைச் சாத்திக்கொள்கிறான். "எப்படிடா இருந்தது?" என்றால் "ஃபைன்". அவ்வளவுதான். நான் ஊரில் கணக்கு டீச்சர். எட்டாவது வரை அவனுக்குக் கணக்கு நான்தான் சொல்லிக்கொடுத்தேன். இப்போது எட்டிப்பார்த்தால் நோட்டை மூடுகிறான். பக்கத்தின் தலைப்பில் பிள்ளையார் சுழி போடப் பழக்கியிருந்தேன். இப்போது அந்த இடத்தில் ஏ.எம்.டி.ஜி. என்று நாலு எழுத்து இருக்கிறது. டை தளர்ந்திருந்தது என்று போன மாதம் 'ஜக்' கொடுத்திருக்கிறார்கள். பள்ளி விட்ட பிறகு நிறுத்திவைக்கும் தண்டனைக்கு அங்கே அந்தப் பெயர். அதையும் என்னிடம் சொல்லவில்லை, அவன் நண்பனின் அம்மா சொல்லித்தான் தெரிந்தது.

காலையில் திருநீறு பூசி அனுப்பினால், தெரு திரும்புவதற்குள் துடைத்துவிடுகிறான். ஜன்னலிலிருந்து பார்த்திருக்கிறேன். ஆனால் கிறிஸ்தவர்களின் தவக்காலம் தொடங்கும் சாம்பல் புதன் அன்று நெற்றியில் கரிச் சிலுவையோடு வீட்டுக்கு வந்தான். ரயிலில் அத்தனை பேருக்கு நடுவில் அப்படியே உட்கார்ந்து வந்திருக்கிறான். மதம் எனக்குப் பிரச்சினை இல்லை மேடம். ஆனாலும் அன்று இரவு தூக்கம் வரவில்லை.

இவ்வளவு பணம் கட்டி, பிள்ளையைக் கதவுக்கு அந்தப் பக்கம் அனுப்பிவிட்டோமோ என்று தோன்றுகிறது. கணவரிடம் சொன்னால், "அந்த வயசில் நான் வீட்டுக்கே வரவில்லை, இவன் தினமும் வருகிறானே" என்கிறார். பள்ளி மெயிலெல்லாம் அவருக்குத்தான் வரும், திறந்துகூடப் பார்ப்பதில்லை. போன வாரம் கோட்டை லாண்டரிக்கு எடுத்தபோது உள்பாக்கெட்டில் நாலாக மடித்த ஒரு காகிதம் இருந்தது. அம்மாவும் மகனும் சேர்ந்து கத்தோலிக்கப் பூசைக்குப் போய், அப்புறம் காலை உணவு சாப்பிடும் நிகழ்ச்சிக்கு அழைப்பு. தேதி போய் மூன்று வாரம் ஆகியிருந்தது. பழையபடி மடித்து அவன் மேஜையில் வைத்துவிட்டேன். எனக்கும் அந்தக் கூட்டத்தில் பேச வராது. சேர்க்கையின்போதே ஒரு அம்மா பேச வந்ததும், "சாரி, எனக்கு இங்கிலீஷ் சரியா வராது" என்று சொல்லிவிட்டுக் கணவர் பின்னால் போய் நின்றுகொண்டேன். அது கிடக்கட்டும்.

இன்னும் மூன்று வருடக் கட்டணம் இருக்கிறது. பத்தாம் வகுப்புக்கு அரசுப் பள்ளிக்கு மாற்றிவிடலாமா? கணவரிடம் எப்படிப் பேசுவது? இந்தப் பள்ளி என் பிள்ளையை என்னிடமிருந்து பிரிக்கிறதா?

பெயர் வெளியிட வேண்டாம்,
நியூயார்க்.

அன்புச் சகோதரி,

உங்கள் கடிதத்தில் கட்டணமும் சாத்திய கதவும் திரும்பத் திரும்ப வருகின்றன. அந்த அழைப்பிதழ் ஒரே ஒரு முறை வருகிறது. அதையும் "அது கிடக்கட்டும்" என்று ஒதுக்கிவிட்டீர்கள். அதை அப்படிக் கிடக்கவிட எனக்கு மனமில்லை.

'என் பிள்ளை என்னை நினைத்து வெட்கப்படுகிறான்.' இந்த வரியைக் கடிதத்தில் தேடினேன், எங்கேயும் இல்லை. எழுதக் கை வந்திருக்காது.

அவனுக்கு வெட்கமே கிடையாது என்று சொல்லி உங்களைச் சமாதானப்படுத்த மாட்டேன். பதினாலு வயதுப் பையன் எப்பேர்ப்பட்ட அம்மா வந்தாலும் பத்தடி தள்ளித்தான் நடப்பான். அது தானாகச் சரியாகும். என் கவலை வேறு. கொஞ்சம் கடுமையாகச் சொல்கிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள். அன்று அந்த அம்மா உங்களிடம் பேசத்தான் வந்தார். அவர் ஒரு குறையும் சொல்வதற்கு முன்பே நீங்கள் மன்னிப்புக் கேட்டுவிட்டு ஒதுங்கிக்கொண்டீர்கள். மகனும் அங்கேதான் இருந்திருப்பான். இந்த இடம் அம்மாவுக்கு ஆகாது, இங்கே அம்மா மறைந்துதான் நிற்பாள் என்பதை அவனுக்குப் பள்ளி சொல்லிக்கொடுக்கவில்லை. நீங்கள் சொல்லிக்கொடுத்தீர்கள். அப்படிப்பட்டவன் கையில் இந்த அழைப்பிதழ் வந்தால் என்ன செய்வான்? உங்களைச் சங்கடத்திலிருந்து காப்பாற்ற மறைத்தானா, தன்னைக் காப்பாற்றவா? இரண்டும் கலந்துதான் இருக்கும், அவனுக்கே பிரித்துச் சொல்லத் தெரியாது.

ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். பள்ளியிலிருந்து வீடு வரை வழியில் எத்தனையோ குப்பைத்தொட்டி இருக்கிறது. அவன் அதைக் கிழித்துப் போடவில்லை. நாலாக மடித்து உள்பாக்கெட்டில் வைத்தான். தேதி போன பிறகும் மூன்று வாரம் நெஞ்சோடு சுமந்திருக்கிறான். இப்போது அது மேஜைமேல் இருக்கிறது, அம்மா பார்த்துவிட்டாள் என்று அவனுக்குத் தெரியும். நீங்களும் பேசவில்லை, அவனும் பேசவில்லை. கதவு ஏன் சாத்தியிருக்கிறது என்பதற்கு இதைவிட வேறு காரணம் தேட வேண்டியதில்லை.

சாம்பல் பற்றியும் சொல்லிவிடுகிறேன், அன்று தூங்கவில்லை என்கிறீர்களே. பூசையில் நற்கருணை என்கிற அர்ச்சித்த அப்பத்தை வாங்கும் நேரத்தில் வரிசை வரிசையாக எழுந்து போவார்கள். கத்தோலிக்கர் அல்லாதவர்கள் வாங்க முடியாது. உங்கள் பையன் ஒன்று இருக்கையிலேயே உட்கார்ந்திருப்பான், இல்லையென்றால் கைகளை நெஞ்சில் குறுக்காக வைத்துக்கொண்டு போய் ஆசீர்வாதம் மட்டும் வாங்கி வருவான். செப்டம்பரிலிருந்து ஒவ்வொரு பள்ளிப் பூசையிலும் இதுதான். சாம்பலுக்கு அந்தத் தடை இல்லை, யார் வேண்டுமானாலும் நெற்றியைக் காட்டலாம். அன்று ஒரு நாள் அவன் நெற்றியும் மற்றவர்கள் நெற்றியும் ஒன்றாக இருந்தன. அந்தச் சந்தோஷத்தைத்தான் துடைக்காமல் ரயிலில் கொண்டுவந்திருக்கிறான். மண்ணிலிருந்து வந்தாய், மண்ணுக்கே திரும்புவாய் என்று சொல்லிப் பூசுகிற சாம்பல் அது. திருநீற்றுக்கு நீங்கள் சொல்லிக்கொடுத்த பொருளும் ஏறக்குறைய இதுவாகத்தான் இருக்கும். அந்த நாலு எழுத்தும் 'கடவுளின் மேலான மகிமைக்காக' என்ற லத்தீன் வாக்கியத்தின் முதலெழுத்துகள். கடவுளை நினைத்துவிட்டுப் பக்கத்தைத் தொடங்கும் பழக்கத்தை நீங்கள் கொடுத்தீர்கள், அவன் அதை விடவில்லை.

பள்ளியை இப்போது மாற்றாதீர்கள். யாராவது சீண்டுகிறார்களா என்று ஒரு முறை நேராகக் கேளுங்கள். அப்படி இருந்தாலோ, அவனே மாற்றச் சொன்னாலோ அது வேறு விஷயம். உங்கள் மனத்தாங்கலுக்காக மாற்றினால், அந்தக் காகிதம் புதுப் பள்ளிக்கும் கூடவே வரும். கணவரிடம் கட்டணத்தை வைத்துச் சண்டை போடவும் வேண்டாம். தான் படித்த பள்ளியையே மகனுக்கும் கொடுத்துவிட்டதாக அவர் நினைக்கிறார். பாளையங்கோட்டை மைதானத்தில் அவரைச் சுற்றிலும் தமிழ் கேட்டது, இவனைச் சுற்றி அப்படி இல்லை. அவரிடம் சொல்ல வேண்டியது அதைத்தான். பள்ளி மெயில்கள் உங்களுக்கும் வரும்படி இந்த வாரமே பதிந்துகொள்ளுங்கள்.

அப்புறம், பயிற்சி முடிந்து அவன் சாப்பிட உட்காரும்போது சொல்லுங்கள்: "அந்த அழைப்பைப் பார்த்தேன்டா. எனக்கு வர ஆசையா இருந்தது." அதோடு நிறுத்துங்கள். ஏன் மறைத்தாய் என்று கேட்காதீர்கள். அவன் பதில் சொல்லாமல் தட்டை எடுத்துக்கொண்டு போனாலும் போகட்டும், நீங்கள் சொன்னது அவனோடு போகும். இனி அந்தப் பள்ளியில் யாரிடமும் உங்கள் ஆங்கிலத்துக்காக மன்னிப்புக் கேட்காதீர்கள். வகுப்பு நிறையப் பிள்ளைகளை உட்கார வைத்துக் கணக்குச் சொல்லிக்கொடுத்தவர் நீங்கள்.

அடுத்த வருடமும் அழைப்பு வரும், பூசைதான் முதலில் நடக்கும். எப்போது எழுந்திருப்பது, எப்போது உட்காருவது, கையை எப்படிக் குறுக்காக வைத்துக்கொண்டு போவது என்று உங்களுக்கு ஒன்றும் தெரியாது. அவனிடம் கேளுங்கள். அடுத்த வருடம் வரை காத்திருக்க வேண்டாம், இன்றைக்கே கேட்கலாம்.