புண்ணை ஆற்றினால் போதாதா, பேஸ்மேக்கர் வயரையும் எடுக்க வேண்டுமா?

கேள்வி: அப்பாவுக்கு 71 வயது. நாடித்துடிப்பு குறைந்து மயங்கி விழுந்ததால் 9 வருடங்களுக்கு முன் இரண்டு வயர் உள்ள பேஸ்மேக்கர் வைத்தார்கள். பேட்டரி தீர்ந்ததால் ஐந்து மாதங்களுக்கு முன் பெட்டியை மட்டும் மாற்றினார்கள். இப்போது அந்த இடத்தில் தோல் சிவந்து, தையல் ஓரத்தில் சின்னத் துளை விழுந்து நீர் கசிகிறது. ஆன்டிபயாடிக் சாப்பிட்டபோது காய்ந்தது. நிறுத்தியதும் திரும்ப வந்துவிட்டது. காய்ச்சல் இல்லை. பெட்டியோடு வயர்களையும் எடுக்க வேண்டும் என்கிறார் இதய டாக்டர். புண்ணை மட்டும் சுத்தம் செய்யக் கூடாதா? வயரை எடுப்பது ஆபத்தா?

பதில்: உங்கள் டாக்டர் சொல்வதுதான் சரி. தோலுக்கடியில் பெட்டி இருக்கும் பையிலிருந்து வெளியே துளை விழுந்துவிட்டால், காய்ச்சல் இருந்தாலும் இல்லாவிட்டாலும், பெட்டி, வயர் இரண்டிலும் கிருமி ஏறிவிட்டதாகவே கணக்கு. பெரும்பாலும் இது தோலில் வாழும் ஸ்டஃபைலோகாக்கஸ் வகைக் கிருமி. உலோகத்தின் மேலும் வயரின் சிலிக்கோன் உறையின் மேலும் பிசின் போன்ற ஒரு படலத்தைக் கட்டிக்கொண்டு உள்ளே பதுங்கிவிடும். அந்தப் படலத்துக்குள் ரத்த ஓட்டம் கிடையாது, மருந்து போதுமான அளவு எட்டாது. மாத்திரை சுற்றியுள்ள சதையை ஆற்றும், அவ்வளவுதான். நிறுத்தியதும் திரும்பியதற்குக் காரணம் அதுதான். பெட்டி மாற்றிய பின் இப்படி வருவதும் புதிதல்ல. பழைய பையின் சுவர் தழும்பாகி ரத்த ஓட்டம் குறைந்திருக்கும். அதனால் முதல் முறை வைத்ததைவிட மாற்றும்போது தொற்று வரும் வாய்ப்பு அதிகம்.

வயர் என்பது அந்தப் பையிலிருந்து ரத்தக்குழாய் வழியே இதயத்தின் வலது அறைகளுக்குப் போகும் ஒற்றையடிப் பாதை. கிருமி அதைப் பிடித்துக்கொண்டே உள்ளே இறங்கி வால்வு வரை போகலாம்.

இடையில் யாராவது ஊசி போட்டு நீரை உறிஞ்சிப் பார்க்கலாம் என்றால் சம்மதிக்காதீர்கள். அந்த ஊசியே புதுக் கிருமியை உள்ளே கொண்டுபோகும். பெட்டியை மட்டும் எடுத்து, வயரை வெட்டி உள்ளே தள்ளித் தைப்பது அதைவிட மோசம். வெட்டிய முனை ரத்தக்குழாய்க்குள் நழுவிப் போய்விட்டால், பிறகு பிடித்து இழுக்க நுனியே இருக்காது.

முதலில் ரத்தக் கல்ச்சர், அதாவது ரத்தத்தில் கிருமி வளர்கிறதா என்று பார்க்கும் சோதனை. குறைந்தது இரண்டு தனித்தனி இடங்களில் குத்தி எடுக்க வேண்டும், அதுவும் அடுத்த ஆன்டிபயாடிக் தொடங்கும் முன். பிறகு உணவுக்குழாய் வழியே எடுக்கும் எக்கோ. வயரிலோ வால்வின் மேலோ கிருமிக் கட்டி ஒட்டியிருக்கிறதா என்று அதில்தான் தெளிவாகத் தெரியும். அப்பாவின் சொந்தத் துடிப்பு எவ்வளவு என்பதையும் சோதிப்பார்கள். பேஸ்மேக்கர் இல்லாமல் இதயம் நின்றுவிடும் நிலை என்றால் தற்காலிக ஏற்பாடு வேண்டும்.

இனி ஆபத்துக்கு வருவோம். ஒரு வருடத்துக்குள் வைத்த வயர் என்றால் திருகைக் கழற்றி மெல்ல இழுத்தால் பெரும்பாலும் வந்துவிடும். ஒன்பது வருடம் என்பது வேறு கதை. வயரைச் சுற்றி உடல் தழும்புத் திசுவை வளர்த்திருக்கும்; காறை எலும்புக்குக் கீழே நுழையும் இடம், மேற்பெருஞ்சிரை (மேலுடம்பின் ரத்தத்தை இதயத்துக்குக் கொண்டுவரும் பெரிய ரத்தக்குழாய்), வயரின் நுனி ஆகிய இடங்களில் அது இறுகியிருக்கும், சில இடங்களில் சுண்ணாம்பு படிந்து கல்லாகியிருக்கும். இரண்டு வயர்களும் ஒன்றோடொன்று ஒட்டியிருக்கவும் கூடும். வெறுமனே இழுத்தால் வயர் அறுந்துவிடும், அல்லது இதயச் சுவரே கூட வரும்.

அதனால் வயரின் உள் துளைக்குள் மெல்லிய கம்பி ஒன்றை நுனிவரை செலுத்திப் பூட்டுவார்கள். இழுப்பு நுனியில் விழ வேண்டும் என்பதற்காக. பிறகு வயரின் மேலேயே ஒரு குழாயைக் கோத்து முன்னே நகர்த்துவார்கள். அதன் முனையில் சுழலும் வெட்டு விளிம்பு இருக்கும், அல்லது 308 நானோமீட்டர் லேசர். ஒட்டியிருக்கும் தழும்பை அது கொஞ்சம் கொஞ்சமாகப் பிரிக்கும். நுனியை அடைந்ததும் குழாய் இதயச் சுவரைத் தாங்கிக்கொள்ள, வயரை மட்டும் உருவுவார்கள். நடுவில் அறுந்தால் தொடைச் சிரை வழியே சுருக்குக் கம்பி விட்டு எடுப்பார்கள்.

உண்மையான பயம் மேற்பெருஞ்சிரை கிழிவதுதான். சில நிமிடங்களில் நெஞ்சுக்குள் ரத்தம் நிறைந்துவிடும். இதயச் சுவர் ஓட்டையாகி அதன் உறைக்குள் ரத்தம் தேங்குவது இன்னொன்று. ஐரோப்பாவில் 3,555 நோயாளிகளைப் பின்தொடர்ந்த எலெக்ட்ரா பதிவேட்டில் (2017) சிகிச்சையால் வந்த பெரிய சிக்கல்கள் 1.7 சதவீதம், அதில் இறப்பு 0.5 சதவீதம். அதிகம் செய்து பழகாத மையங்களில் இறப்பு கூடுதல் என்றும் அதில் தெரிந்தது. ஆகவே 'எடுக்கலாமா' என்பதைவிட 'எங்கே எடுப்பது' என்பதில்தான் நீங்கள் கவனம் வைக்க வேண்டும். ஆண்டுக்கு எத்தனை பேருக்குச் செய்கிறார்கள், நெஞ்சைத் திறக்கும் அறுவை டாக்டர் அதே அறையில் தயாராக இருப்பாரா, ரத்தம் பொருத்திப் பார்த்து வைத்திருப்பார்களா, கிழிசலை அடைக்கும் பலூன் கைவசம் உண்டா: கூசாமல் கேளுங்கள். 'தேவைப்பட்டால் சர்ஜனைக் கூப்பிடுவோம்' என்ற பதில் போதாது.

பழுதான வயரையெல்லாம் எடுத்தாக வேண்டும் என்று இதிலிருந்து முடிவு கட்டிவிடாதீர்கள். காறை எலும்புக்கும் முதல் விலா எலும்புக்கும் நடுவே நசுங்கி உள்கம்பி ஒடிந்த வயர், கிருமி இல்லையென்றால், வயதானவருக்கு மூடி போட்டு உள்ளேயே விடலாம். முப்பது வயதுக்காரருக்கு எடுப்பதே நல்லது. கிருமி வந்துவிட்டால் மட்டும் இந்தத் தேர்வு கிடையாது.

எடுத்த பின் புண்ணில் மட்டும் தொற்று என்றால் சுமார் இரண்டு வாரம் ஆன்டிபயாடிக். வால்விலோ வயரிலோ கட்டி இருந்தால் 4 முதல் 6 வாரம், ஊசியாக. துடிப்புக்கு வழியில்லாதவருக்குக் கழுத்துச் சிரை வழியே ஒரு வயர் விட்டு, வெளியே பெட்டி பொருத்தி வைப்பார்கள். புதியதை எதிர்ப்பக்க நெஞ்சில் வைப்பார்கள், அதுவும் கல்ச்சர் 72 மணி நேரம் சுத்தமாக இருந்த பிறகே. வயரே இல்லாத, இதயத்துக்குள்ளேயே பொருத்தும் சிறு பேஸ்மேக்கர் அவருக்கு ஒத்துவருமா என்றும் அப்போது கேட்கலாம்.

அதுவரை மஞ்சளோ களிம்போ போடாமல், அழுத்திப் பார்க்காமல், சுத்தமான உலர்ந்த காஸ் துணியால் மூடி வையுங்கள். பேஸ்மேக்கர் அட்டையையும் பழைய டிஸ்சார்ஜ் சீட்டையும் தேடி எடுத்து வையுங்கள். வயரின் வகை, வைத்த தேதி எல்லாம் அதில் இருக்கும். குளிர் நடுக்கத்தோடு காய்ச்சல், மயக்கம், மூச்சுத் திணறல் எது வந்தாலும் தேதிக்குக் காத்திராமல் அன்றே அவசரப் பிரிவுக்குக் கூட்டிப் போங்கள்.