புதிதாகப் பொருத்திய கணினி பட்டனை அழுத்தியும் ஓடவில்லையே, ஏன்?

கோலாலம்பூர் லோ யாட் பிளாசாவில் பாகங்கள் வாங்கி வீட்டில் பொருத்தும் பலர் திகைத்து நிற்கும் இடம் இது. பவர் பட்டன் மின்சாரத்தை நேரடியாகத் திறந்துவிடுவதில்லை. அது வாசல் காலிங் பெல் மாதிரி: அழுத்தினால் எல்லாப் பாகங்களையும் இணைக்கும் பலகையான மதர்போர்டுக்குச் செய்தி போகும், மதர்போர்டுதான் மின்சாரம் தரும் பெட்டியான பவர் சப்ளையை எழுப்பும். பட்டனின் மெல்லிய ஒயரை மதர்போர்டின் தவறான ஊசிகளில் செருகியிருந்தால் செய்தியே போகாது.

முதலில் பவர் சப்ளையின் பின்பக்கச் சுவிட்சைப் பாருங்கள். அப்புறம் 24 ஊசி கேபிளும் புராசசருக்கான 8 ஊசி கேபிளும் இறுகப் பொருந்தியிருக்கிறதா என்று பாருங்கள். எல்லாம் சரி என்றால், மதர்போர்டு கையேட்டில் பட்டனுக்கென்று காட்டியுள்ள இரண்டு ஊசிகளை மட்டும் ஸ்க்ரூடிரைவர் முனையால் ஒரு நொடி சேர்த்துத் தொடுங்கள். விசிறி சுற்றினால் கோளாறு பட்டனிலோ ஒயரிலோதான்.

மதர்போர்டில் விளக்கு எரிவதால் பவர் சப்ளை நன்றாக இருக்கிறது என்று முடிவு செய்துவிடாதீர்கள். கணினி அணைந்திருக்கும்போதும் வரும் 5 வோல்ட் மின்சாரமே அந்த விளக்குக்குப் போதும்.