செல்ஃப் சுற்றுகிறது, இன்ஜின் பிடிக்கவில்லை. பெட்ரோல் பம்பை மாற்றச் சொல்கிறார்கள். மாற்றலாமா?

மாற்றாதீர்கள். பம்ப் செத்துவிட்டது என்று யாராவது உங்கள் கண் முன்னால் நிரூபிக்கும்வரை மாற்றாதீர்கள்.

"சென்னையில் இருக்கிறேன், சாவியைத் திருப்பினால் செல்ஃப் நன்றாகவே சுற்றுகிறது, கார் கிளம்பவில்லை, ஒர்க்‌ஷாப்பில் பம்ப் என்கிறார்கள்." நீங்கள் எழுதியிருப்பது இவ்வளவுதான். மீதியை நானே ஊகித்துக்கொள்கிறேன். காலையில் ஒழுங்காகக் கிளம்பிய வண்டி வெயிலில் எங்கேயோ போய்ப் படுத்திருக்கும். பக்கத்து வீட்டுக்காரர் பேட்டரி என்றிருப்பார். செல்ஃப் மோட்டாரைவிட அதிகமாக மின்சாரம் இழுக்கிற பொருள் காரில் வேறு கிடையாது. அதையே சுறுசுறுப்பாகச் சுற்ற வைக்கிற பேட்டரியை எதற்கு மாற்ற வேண்டும்? முக்கி முனகிச் சுற்றினால் மட்டும் பேட்டரியைப் பாருங்கள்.

பம்பைச் சோதிக்கக் காசு வேண்டாம், காது போதும். பெரும்பாலான கார்களில் அது பின் சீட்டுக்கு அடியில், டேங்குக்குள் இருக்கும். ஏசி, ரேடியோவை அணைத்துவிட்டு, செல்ஃப் அடிக்காமல் சாவியை ஆன் நிலையில் மட்டும் வையுங்கள். பின் சீட்டில் உட்கார்ந்திருப்பவருக்கு இரண்டு விநாடி ஒரு ரீங்காரம் கேட்டு அடங்கும். கேட்டால் பம்ப் ஓடுகிறது. ஓடுகிற பம்ப் போதிய அழுத்தம் தருகிறதா என்பது கேஜ் வைத்துப் பார்த்தால்தான் தெரியும்; இதை நான் எழுதாமல் விட்டால் திருத்துவதற்கென்றே ஒருவர் காத்திருப்பார். ரீங்காரம் கேட்கவில்லை என்றாலும் முதலில் ஃபியூஸ், பிறகு ரிலே (பம்புக்கு மின்சாரத்தை இணைத்துத் துண்டிக்கிற சிறிய சுவிட்ச்). பல வண்டிகளில் ஹாரனுக்கும் அதே வகை ரிலேதான். எண் ஒன்றாக இருந்தால் இடம் மாற்றிச் செருகிப் பாருங்கள். டேஷ்போர்டில் சாவிப் படம் போட்ட விளக்கு மினுக்கினால் வண்டிக்கு உங்கள் சாவியை அடையாளம் தெரியவில்லை என்று பொருள். இரண்டாவது சாவியைத் தேடி எடுங்கள்.

இந்தக் கேள்வியைப் பார்த்ததும் எனக்கு ஏன் இவ்வளவு கோபம் வந்தது என்று சொல்லிவிடுகிறேன். நான் மெக்கானிக் இல்லை. சாலிகிராமத்தில் பன்னிரண்டாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு இயற்பியல் டியூஷன் எடுக்கிறேன். என்னுடையது 2011 மாடல் சிறிய பெட்ரோல் கார். கத்திரி வெயில் நேரத்தில், ஆற்காடு சாலையில் மெட்ரோ பணிக்குத் தடுப்பு வைத்து ஒரே ஒரு வண்டி நுழைகிற அகலம் விட்டிருந்த இடமாகப் பார்த்து அது நின்றுவிட்டது. பின்னால் மாநகரப் பேருந்து. அந்த ஹாரன் சத்தத்தில் செல்ஃப் சுற்றுகிற சத்தம்கூட எனக்குக் கேட்கவில்லை. கரும்புச்சாறு கடைக்காரர்தான் இரண்டு பேரைக் கூட்டிவந்து ஓரம் தள்ளினார்.

கட்டி இழுத்துக்கொண்டு போன ஒர்க்‌ஷாப்பில், இன்ஜினுக்குப் போகிற பெட்ரோல் குழாயைக் கழற்றி ஒரு பாட்டிலில் விட்டு, சாவியைத் திருப்பினார்கள். கொஞ்சம் பீய்ச்சியது. செல்ஃப் அடித்தார்கள். ஒரு சொட்டு வரவில்லை.

"பாருங்கள் மேடம், பெட்ரோலே வரவில்லை. பம்ப் போய்விட்டது."

"முதலில் பீய்ச்சியதே தம்பி?"

"அது குழாயில் மிச்சம் இருந்தது மேடம்."

மாலைக்குள் புதுப் பம்ப் போட்டார்கள். வண்டி உடனே கிளம்பியது. மாலையில் இன்ஜின் ஆறிப் பச்சைத் தண்ணீராக இருந்தது, எதைப் போட்டாலும் கிளம்பியிருக்கும். சில நாள் கழித்து அதே உச்சி வெயிலில் பாண்டி பஜாரில் படுத்தது. இந்த முறை ஸ்பார்க் பிளக்கும் காயிலும் மாற்றினார்கள். மறுபடி மாலை, மறுபடி கிளம்பியது, மறுபடி பில். காரின் கம்ப்யூட்டரில் பதிவான கோளாறுகளைப் படிக்கிற ஸ்கேனரை மாட்டி, எந்தக் கோளாறும் பதிவாகவில்லை என்றார்கள். ஒவ்வொரு தடவையும் பேட்டரி இணைப்பைக் கழற்றிவிட்டு வேலை பார்த்தால் பதிவு எப்படி நிற்கும்? பல வண்டிகளில் அதோடு அழிந்துபோகும். கடைசியில், இன்ஜின் கம்ப்யூட்டரே போயிருக்கலாம் என்று பழைய கார் விலையில் பாதியைச் சொல்லிவிட்டு, "வீட்டில் சார் இருந்தால் பேசச் சொல்லுங்கள் மேடம், சொன்னால் புரியும்" என்றார்கள். சாருக்குக் கார் ஓட்டவே தெரியாது.

எல்லா மெக்கானிக்குகளையும் சொல்வதாக எடுத்துக்கொள்ள வேண்டாம். என் வண்டியைக் கடைசியில் சரி செய்து கொடுத்தவரும் மெக்கானிக்தான். அவரிடம் கூரைகூட இல்லை, வடபழனியில் ஒரு வேப்பமரத்தடி.

அடுத்த தடவை அது எங்கள் அடுக்ககத்தின் வாசலிலேயே நின்றது. இந்தத் தடவை உடனே பானெட்டைத் திறக்கவில்லை. செல்ஃப் அடித்துக்கொண்டே, இன்ஜின் சுற்றும் வேகத்தைக் காட்டுகிற ஆர்.பி.எம். முள்ளைப் பார்த்தேன். என் வண்டியில் செல்ஃப் சுற்றும்போது அந்த முள் லேசாக எழுந்து துடிக்கும். அன்று பூஜ்யத்தில் ஒட்டிக்கொண்டு கிடந்தது. இன்ஜின் சுற்றுகிறது, ஆனால் சுற்றுவது கம்ப்யூட்டருக்குத் தெரியவில்லை. அதைச் சொல்ல வேண்டியது கிராங்க் சென்சார். என் வண்டியில் இருப்பது ஒரு காந்தமும் அதைச் சுற்றிய கம்பிச்சுருளும். எதிரே பல் சக்கரம் ஓடும்போது காந்தப்பாயம் மாறும், சுருளில் மின்னழுத்தம் பிறக்கும். ஆண்டுதோறும் கரும்பலகையில் நான் படம் போட்டு நடத்துகிற மின்காந்தத் தூண்டல். இந்தத் துடிப்பு வராவிட்டால் கம்ப்யூட்டர் பொறியும் தராது, பெட்ரோலும் தெளிக்காது, இன்ஜின் ஓடவில்லை என்று முடிவு கட்டிப் பம்பையும் நிறுத்திவிடும். சாவி போட்டதும் வருகிற அந்த இரண்டு விநாடி ஓட்டம் மட்டும்தான் மிச்சம். பாட்டிலில் முதலில் பீய்ச்சியது அதுதான். பம்ப் வேலை செய்கிறது என்பதற்கான சாட்சியைக் கையில் பிடித்துக்கொண்டே பம்ப் செத்துவிட்டது என்றார்கள்.

வீட்டிலிருந்து மல்டிமீட்டரை எடுத்து வந்து சென்சாரின் இரண்டு முனைகளில் வைத்தேன். மீட்டர் எந்த அளவும் காட்டவில்லை, உள்ளே கம்பி அறுந்ததுபோல் சுற்று திறந்து கிடந்தது. ஈரத்துணியைப் பிழிந்து சென்சார் மேல் மட்டும் போட்டுக் காத்திருந்து அளந்தேன். சில நூறு ஓம் காட்டியது. செருகிச் சாவியைத் திருப்பினேன், கிளம்பிவிட்டது. உள்ளே மயிரிழைக் கம்பி எங்கோ விட்டிருக்கிறது. சூட்டில் விரிந்தால் விலகும், ஆறினால் ஒட்டும். ஓடுகிற வண்டியை நிறுத்தியதும் இன்ஜின் அறைக்குள் சூடு இன்னும் ஏறும், காற்றோட்டமும் கூலன்ட் ஓட்டமும் நின்றுவிடுவதால். கடைக்குப் போய்விட்டு வந்தால் கிளம்பாததன் காரணம் அதுதான். ஜி.பி. ரோட்டில் புதுச் சென்சார் வாங்கினேன். பம்புக்குக் கொடுத்ததில் கால் பங்குகூட ஆகவில்லை. வேப்பமரத்தடித் தம்பி ஒரே ஒரு போல்ட்டைக் கழற்றி மாட்டினார். "இதற்கு என்ன அக்கா கூலி வாங்குவது" என்றார். வற்புறுத்திக் கொடுத்தேன்.

வாசலில் நின்றதைச் சொன்னேன் அல்லவா, அன்றுதான் தண்ணீர் லாரி வருகிற நாள். லாரி உள்ளே வர முடியவில்லை என்று சங்கச் செயலாளர் வாட்ஸ்அப் குழுவில் என் வண்டியைப் படம் எடுத்துப் போட்டு, "பழுதான வாகனங்களை அகற்றவும்" என்று எழுதினார். அகற்ற முடிந்தால் அது பழுதான வாகனமா? கீழ்த்தளத்தில் இரண்டு கார் நிற்கிற இடத்தை அவருடைய உடைந்த சோபாவும் பழைய பீரோவும் அடைத்துக்கொண்டிருக்கின்றன. அதற்குள் எலி குடும்பம் நடத்துகிறது. போன மழைக்காலத்தில் முதல் மாடிக்காரர் காரின் ஒயரைக் கடித்துக் குதறியது அந்த எலிதான். அவருக்கும் செல்ஃப் சுற்றியது, வண்டி கிளம்பவில்லை. பராமரிப்புக் கட்டணம் ஒரு நாள் தாமதமானால் அபராதம் உண்டு, சோபாவுக்கு மட்டும் வாடகை கிடையாது.

சரி, உங்கள் வண்டி. கிளம்ப மறுக்கிற நேரத்தில், அதே நிமிடத்தில், ஸ்கேனரை மாட்டி செல்ஃப் அடிக்கச் சொல்லுங்கள். திரையில் ஆர்.பி.எம். 200, 250 என்று காட்டினால் கிராங்க் சென்சார் குற்றவாளி இல்லை, நான் சொன்ன கதை உங்களுடையது இல்லை. பூஜ்யம் காட்டினால் பம்பை விட்டுவிட்டு சென்சாரையும் அதன் ஒயரையும் பார்க்கச் சொல்லுங்கள். கிராங்க் சென்சார் கோளாறுக்கான பி0335 என்ற எண் பதிவாகியிருந்தாலும் அதே பக்கம்தான் போக வேண்டும். டேஷ்போர்டு முள்ளை மட்டும் நம்பாதீர்கள். சில வண்டிகளில் செல்ஃப் சுற்றும்போது அது எப்போதுமே அசையாது. சென்சாரில் மூன்று ஒயர் இருந்தால் அது பெரும்பாலும் ஹால் வகை, அதாவது என்னுடையதுபோல் வெறும் கம்பிச்சுருள் இல்லாமல் மின்னணுச் சுற்று உள்ளது; ஓம் அளப்பதில் பயனில்லை.

பெட்ரோல் வாடை தூக்கலாக அடித்தால் ஆக்ஸிலரேட்டரை முழுக்க மிதித்துக்கொண்டு செல்ஃப் அடியுங்கள். பல வண்டிகளில் அப்போது பெட்ரோல் தெளிப்பது நின்று உள்ளே தேங்கியது வெளியேறும். பத்து விநாடிக்கு மேல் ஒரே மூச்சில் அடிக்காதீர்கள், செல்ஃப் மோட்டார் கருகும். வழக்கத்தைவிட லேசாக, வேகமாகச் சுற்றுவதுபோல் சத்தம் மாறியிருந்தால் உடனே நிறுத்துங்கள், டைமிங் பெல்ட் அறுந்திருக்கலாம்.

மழைநீரில் நின்ற வண்டி என்றால் இதில் எதையும் செய்யாதீர்கள், சாவியையே தொடாதீர்கள். சிலிண்டருக்குள் போன தண்ணீர் அமுங்காது, பிஸ்டனைத் தாங்குகிற கனெக்டிங் ராடுதான் வளையும். அந்தச் சேதத்துக்குச் சாதாரணக் காப்பீட்டில் பெரும்பாலும் பணம் வராது, இன்ஜின் பாதுகாப்புக்குத் தனியாகக் கட்டியிருக்க வேண்டும். 2015 டிசம்பரிலும் 2023 மிக்ஜாம் புயலிலும் இந்த ஊர் அதை நன்றாகவே பார்த்தது. 2024 அக்டோபரில் வெள்ளத்துக்குப் பயந்து வேளச்சேரி மேம்பாலத்தின் மேல் காரை வரிசையாக நிறுத்தியவர்களைக் கேலி செய்தார்கள். நான் செய்யவில்லை.

என்ன மாடல், எந்த ஆண்டு, சூட்டில் மட்டும் நிற்கிறதா, சென்சாரில் எத்தனை ஒயர் என்று எழுதுங்கள். சென்சார் சில வண்டிகளில் முன்பக்க கப்பிக்கு அருகில் இருக்கும், சிலவற்றில் கியர்பாக்ஸ் சேருகிற இடத்தில். மாலை வகுப்பு முடிந்த பிறகுதான் பார்ப்பேன், அதற்குள் பம்புக்கு முன்பணம் கொடுத்துவிடாதீர்கள்.