வாந்தி மாத்திரை உடம்பில் எங்கே போய் வேலை செய்கிறது? – கேள்வி பதில்

கேள்வி: வாந்தி வயிற்றிலிருந்துதானே வருகிறது? அப்படியானால் மாத்திரை வயிற்றைத்தான் அடக்குகிறதா?

வெளியே தள்ளுவது வயிற்றுப் பகுதியின் தசைகள். தள்ளச் சொல்வது மூளைத்தண்டின் அடியில் இருக்கும் முகுளம். அங்கே நாலு வழியாகச் சேதி வந்து சேரும். குடலிலிருந்து வேகஸ் நரம்பு வழியாக ஒன்று. உட்செவியின் சமநிலை உறுப்பிலிருந்து ஒன்று. இரத்தத்தில் கலந்த நச்சைக் கண்டுபிடிக்கும் ‘ஏரியா போஸ்ட்ரீமா’ என்ற சிறு பகுதியிலிருந்து ஒன்று. பயம், துர்நாற்றம், பழைய நினைவு இவற்றால் பெருமூளையிலிருந்து இன்னொன்று.

ஒவ்வொரு வழியிலும் சேதி சொல்லும் வேதிப்பொருள் வேறு. குடல் வழியில் முக்கியமாக செரடோனின். செவி வழியில் ஹிஸ்டமினும் அசெட்டைல்கோலினும். ஏரியா போஸ்ட்ரீமாவில் டோபமைன், செரடோனின் இரண்டும். அந்தப் பொருள் போய் ஒட்ட வேண்டிய ஏற்பியில் மருந்து முந்திக்கொண்டு ஒட்டிக்கொள்ளும். சேதி அங்கேயே நின்றுவிடும். அதனால் வாந்தி எந்த வழியில் வருகிறது என்பதைப் பார்த்துத்தான் மருந்தைத் தேர்ந்தெடுக்க வேண்டும்.

கேள்வி: காய்ச்சலின்போது ஒண்டான்செட்ரான் போட்டதும் வாந்தி நின்றது. அதே மாத்திரை பஸ் பயணத்துக்குக் கேட்கவே இல்லை. ஏன்?

ஒண்டான்செட்ரான் அடைப்பது செரடோனின் ஏற்பியை. பயணத்தில் வரும் குமட்டல் உட்செவியிலிருந்து கிளம்புகிறது. அந்தப் பாதையில் செரடோனினுக்குப் பெரிய வேலை இல்லை. அங்கே தேவை ஹிஸ்டமினைத் தடுக்கும், மூளைக்குள் நுழையக்கூடிய பழைய தலைமுறை ஒவ்வாமை மருந்துகள்: மெக்லிசின், டைமென்ஹைட்ரினேட், புரோமெத்தசின் போன்றவை. இவை தூக்கத்தைத் தருவதும் மூளைக்குள் நுழைவதால்தான். தூக்கம் வராத செட்ரிசின் வகைகளை அதற்குப் பதிலாகப் போட்டுப் பார்ப்பவர்கள் உண்டு. அவை மூளைக்குள் அதிகம் போவதில்லை, பயண வாந்திக்குப் பயன்படாது. மருந்து போட்டவர் வண்டி ஓட்டக் கூடாது. இரண்டு வயதுக்குக் குறைந்த குழந்தைக்கு புரோமெத்தசின் கொடுக்கவே கூடாது, மூச்சு அடங்கிப்போகும் ஆபத்து இருக்கிறது.

நேரமும் முக்கியம். மாத்திரை உறிஞ்சப்படுவது பெரும்பாலும் சிறுகுடலில். குமட்டல் தொடங்கிவிட்டால் இரைப்பை தன் சரக்கைக் கீழே அனுப்புவதை நிறுத்திவிடும். அப்போது போடும் மாத்திரை இரைப்பையிலேயே கிடந்து அடுத்த வாந்தியில் வெளியே வரும். ஆகவே புறப்படுவதற்கு அரை மணி முதல் ஒரு மணி நேரம் முன்பே போட்டுவிட வேண்டும். அசெட்டைல்கோலினைத் தடுக்கும், காதுக்குப் பின்னால் ஒட்டும் ஹயோசின் பட்டையானால் நாலு மணி நேரம் முன்பு. ஒரு பட்டை மூன்று நாள் வரை வேலை செய்யும். ஒட்டிய கையைச் சோப்புப் போட்டுக் கழுவுங்கள். அந்த விரலால் கண்ணைத் தொட்டால் பாவை விரிந்து பார்வை மங்கும். கண் அழுத்த நோய் உள்ளவர்களும், புராஸ்டேட் வீக்கத்தால் சிறுநீர் தடைப்படுபவர்களும் மருத்துவரைக் கேட்காமல் இந்தப் பட்டையை ஒட்டக் கூடாது.

கேள்வி: குழந்தைக்கு வாந்தியும் பேதியும். வாந்தி மருந்து கொடுக்கலாமா?

கிருமி தாக்கும்போது குடல் சுவரின் செல்கள் செரடோனினைக் கொட்டுகின்றன. அது வேகஸ் நரம்பைச் சீண்டுகிறது. உடம்பின் செரடோனினில் ஏறக்குறைய 90 சதவீதம் குடலில்தான் இருக்கிறது. அதனால் இங்கே ஒண்டான்செட்ரான் நன்றாகவே வேலை செய்யும். ஆனால் கொடுப்பது ஓ.ஆர்.எஸ். கரைசல் உள்ளே தங்குவதற்காக. மருத்துவர்கள் வழக்கமாக ஒரே ஒரு வேளைதான் தருவார்கள்: 8 முதல் 15 கிலோ எடைக்கு 2 மி.கி., 15 முதல் 30 கிலோ வரை 4 மி.கி., அதற்கு மேல் 8 மி.கி. கால் மணி முதல் அரை மணி கழித்து, கரைசலை ஒரு தேக்கரண்டி, ஒரு தேக்கரண்டியாகச் சில நிமிட இடைவெளியில் ஊட்டுங்கள். டம்ளரோடு கொடுத்தால் இரைப்பை சட்டென்று விரிந்து திரும்பவும் வாந்தி வரும். மருந்துக்குப் பிறகு பேதி சற்றுக் கூடலாம்; அதற்காகக் கரைசலை நிறுத்தாதீர்கள்.

கேள்வி: நாக்கில் கரையும் மாத்திரை சீக்கிரம் கேட்குமா?

இல்லை. கரைவது நாக்கில் என்றாலும் உமிழ்நீரோடு விழுங்கப்பட்டுக் குடலில்தான் உறிஞ்சப்படுகிறது. தண்ணீர் இல்லாமல் போடலாம் என்பதே அதன் வசதி. போட்ட கால் மணி நேரத்துக்குள் வாந்தி எடுத்தால் வழக்கமாக அதே அளவை இன்னொரு முறை தருவார்கள்.

கேள்வி: வாந்திக்கு ஊசி போட்ட மறுநாள் தங்கையின் கழுத்து ஒரு பக்கமாக இழுத்துக்கொண்டது. வலிப்பா?

நினைவு தெளிவாக இருந்து, கழுத்து திருகி, கண் மேலே செருகி, தாடை இறுகியிருந்தால் பெரும்பாலும் அது மெட்டோகுளோபிரமைடு செய்த வேலை. இந்த மருந்து டோபமைன் ஏற்பியை அடைக்கிறது. ஏரியா போஸ்ட்ரீமாவோடு நின்றால் நல்லது; ஆனால் மூளைக்குள்ளும் புகுந்து, தசை அசைவை ஒழுங்குபடுத்தும் பகுதியிலும் டோபமைனைத் தடுத்துவிடுகிறது. இளவயதினருக்கும் குழந்தைகளுக்கும் இது அதிகம். பெரும்பாலும் முதல் இரண்டு நாளுக்குள் வரும். பார்க்கவே பயமாக இருக்கும், ஆனால் புரோமெத்தசின் போன்ற மாற்று ஊசி போட்டால் சீக்கிரமே இறங்கிவிடும். தாமதிக்காமல் மருத்துவமனைக்குப் போங்கள், போட்ட ஊசியின் சீட்டைக் கையோடு கொண்டுபோங்கள். இனி எங்கே வைத்தியம் பார்த்தாலும் இந்த மருந்து ஒத்துக்கொள்ளாது என்று முதலில் சொல்லிவிட வேண்டும். பார்க்கின்சன் நோயாளிக்கு இதைக் கொடுக்கவே கூடாது. ஐரோப்பிய மருந்து முகமை 2013-இல் இதை 5 நாளுக்கு மேல் தரக் கூடாது என்று வரையறுத்தது. மாதக்கணக்கில் போட்டால் வாயும் நாக்கும் தாமாக அசையும் கோளாறு நிரந்தரமாகிவிடக்கூடும்.

டோம்பெரிடோனும் அதே ஏற்பியைத்தான் அடைக்கிறது. ஆனால் இரத்தத்துக்கும் மூளைக்கும் இடையில் உள்ள தடுப்பை அது எளிதில் தாண்டுவதில்லை. ஏரியா போஸ்ட்ரீமா அந்தத் தடுப்புக்கு வெளியே இருப்பதால் வாந்தி நிற்கிறது, கழுத்து இழுப்பது அரிது. பிட்யூட்டரி சுரப்பியும் அந்தத் தடுப்புக்கு வெளியே இருக்கிறது. அதனால் பால் சுரக்க வைக்கும் புரோலாக்டின் என்ற ஹார்மோன் கூடிச் சிலருக்கு மார்பில் பால் சுரக்கும். டோம்பெரிடோனில் கவனிக்க வேண்டியது இதயம். எரித்ரோமைசின், கிளாரித்ரோமைசின் என்ற நுண்ணுயிர்க்கொல்லிகளும் கீட்டோகோனசோல் என்ற பூஞ்சை மருந்தும் கல்லீரலில் இது சிதைவதைத் தடுக்கும். இரத்தத்தில் அளவு ஏறி இதயத் துடிப்பின் ஒழுங்கு கெடலாம். பெரியவர்களுக்கு வேளைக்கு 10 மி.கி., நாளுக்கு 30 மி.கி. உச்சம், சாப்பாட்டுக்கு முன், ஒரு வாரத்துக்குள்.

கேள்வி: கீமோ அன்று வாந்தி இல்லை. மூன்றாம் நாள் தாங்க முடியவில்லை. மருந்து தோற்றுவிட்டதா?

முதல் 24 மணி நேர வாந்திக்குக் காரணம் செரடோனின். அதற்குப் பிறகு வருவதில் ‘சப்ஸ்டன்ஸ் பி’ என்ற பொருளின் பங்கு பெரிது. ஒண்டான்செட்ரான் அதைத் தொடுவதில்லை. சிஸ்பிளாட்டின் போன்ற கீமோ மருந்துகளில் இது இரண்டாம், மூன்றாம் நாளில் உச்சத்துக்குப் போகும். இதற்காகவே சப்ஸ்டன்ஸ் பி-யைத் தடுக்கும் அப்ரெபிட்டன்ட் முதல் நாள் 125 மி.கி., அடுத்த இரு நாளும் 80 மி.கி. என்று தரப்படுகிறது, கூடவே டெக்சாமெத்தசோன் என்ற ஸ்டீராய்டு. வாந்தி இல்லையே என்று இரண்டாம் நாள் மாத்திரையை விட்டுவிடுவதுதான் அடிக்கடி நடப்பது. கருத்தடை மாத்திரை எடுப்பவர்களுக்கு ஒரு தகவல்: அப்ரெபிட்டன்ட் அதன் பலனைக் குறைக்கும். கடைசி வேளைக்குப் பிறகு 28 நாள் வரை வேறு பாதுகாப்பும் வேண்டும்.

கேள்வி: கர்ப்பிணிக்குக் காலையில்தான் வாந்தி. மாத்திரையை ஏன் இரவில் போடச் சொல்கிறார்கள்?

டாக்சிலமைன் என்ற ஒவ்வாமை மருந்தும் பைரிடாக்சின் என்ற வைட்டமின் பி6-உம் சேர்ந்த அந்த மாத்திரை தாமதமாகக் கரையும்படி பூசப்பட்டது. படுக்கும்போது போட்டால் விடியும் நேரத்தில் மருந்து தயாராக இருக்கும். உடைக்கவோ பொடிக்கவோ கூடாது. பூச்சு போனால் பலன் இரவிலேயே தீர்ந்துவிடும்.

கேள்வி: எப்போது வாந்தி மாத்திரை போடாமல் நேரே மருத்துவரிடம் போக வேண்டும்?

வாந்தி பச்சை நிறமாகவோ இரத்தத்தோடோ வந்தால். வயிறு உப்பி, காற்றும் பிரியாவிட்டால். தலையில் அடிபட்ட பிறகு வந்தால். கடும் தலைவலியோ நெஞ்சுவலியோ கூட இருந்தால். எட்டு மணி நேரமாகச் சிறுநீர் கழியவில்லை என்றால். குடல் அடைத்திருக்கும்போது மெட்டோகுளோபிரமைடோ டோம்பெரிடோனோ போட்டால், இரைப்பையும் மேல்குடலும் அடைப்பை எதிர்த்து இன்னும் வேகமாகத் தள்ளும். குடல் கிழியவும் கூடும்.