பிஎம்டபிள்யூ வந்தது, வழி விடுகிறவர்கள் காணாமல் போனார்கள்

கேள்வி: தென்னாப்பிரிக்காவில், டர்பன் சாட்ஸ்வொர்த்தில் இருக்கிறேன். 11 வருஷம் கொரொல்லா ஓட்டினேன், ஒரு வம்பும் இல்லை. போன வருஷம் தம்பி வெளிநாட்டு வேலைக்குப் போகும்போது தன்னுடைய பழைய பிஎம்டபிள்யூ 3 சீரிஸை எனக்கு விட்டுப்போனான், கண்ணாடிக்கெல்லாம் கறுப்பு ஃபிலிம் ஒட்டிய வண்டி. அன்றிலிருந்து என்2 நெடுஞ்சாலையில் ஏறும்போது ஒருத்தர் இடம் விடுவதில்லை, உள்ளே போய்விட்டால் பின்னால் லைட் அடிக்கிறார்கள். "பிஎம்டபிள்யூவுக்கு இண்டிகேட்டரே கிடையாதே" என்று வீட்டுக்காரர் சிரிக்கிறார். நான் போடத்தான் போடுகிறேன்! அம்மா எலுமிச்சம்பழம் சுற்றிப் போடச் சொல்கிறார். என் ஓட்டம் கெட்டுவிட்டதா, இல்லை ஊர்க் கண்ணா?

பதில்: எலுமிச்சம்பழம் தாராளமாகச் சுற்றிப் போடுங்கள் அக்கா. ஆனால் அதற்கு முன்னால் வண்டியை வாசலில் நிறுத்தி, வீட்டுக்காரரைப் பின்னால் நிற்கச் சொல்லிவிட்டு, இண்டிகேட்டர் குச்சியை நீங்கள் வழக்கமாகத் தட்டுவது போலவே தட்டுங்கள். எத்தனை தடவை மினுக்குகிறது என்று அவர் எண்ணட்டும். மூன்று என்பார் என்று இங்கே உட்கார்ந்தே சொல்கிறேன்.

கொரொல்லாவில் குச்சியைத் தள்ளினால் தள்ளிய இடத்தில் நிற்கும். உங்களுடையது 2005க்கும் 2012க்கும் இடையில் ஓடிய தலைமுறை 3 சீரிஸாக இருந்தால், எப்படித் தள்ளினாலும் குச்சி நடுவுக்கே திரும்பிவிடும். லேசாகத் தொட்டால் மூன்று மினுக்கல், அவ்வளவுதான். விரலுக்கு ஒரு தடை தட்டும், அதைத் தாண்டி அழுத்தினால்தான் தொடர்ந்து எரியும். அணைக்கிறேன் என்று எதிர்ப்பக்கம் அழுத்தித் தள்ளினால் அந்தப் பக்கத்து விளக்கு எரிய ஆரம்பிக்கும், பின்னால் வருகிறவர் தலையில் அடித்துக்கொள்வார். 11 வருஷம் கொரொல்லாவில் பழகிய கை இதற்கு என்ன செய்யும், பாவம்.

மூன்று மினுக்கல் என்பது சுமார் இரண்டு வினாடி. மணிக்கு 120 கிலோமீட்டரில் போகிற வண்டி ஒரு வினாடியில் 33 மீட்டர் ஓடிவிடும். பின்னால் வருகிறவர் உங்கள் விளக்கைக் கவனித்து, அதற்கு அர்த்தம் செய்துகொண்டு, காலை எடுக்கலாமா என்று யோசிப்பதற்குள் விளக்கு அணைந்து உங்கள் மூக்கு அவர் பாதையில் வந்துவிடுகிறது. போட்டேன் என்கிறீர்கள் நீங்கள், போடவில்லை என்று சத்தியம் பண்ணுவார் அவர். இரண்டு பேருமே பொய் சொல்லவில்லை.

நான் டர்பனில் கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கிறவன். இதே வண்டியோடு, கிட்டத்தட்ட இதே புகாரோடு ஒரு நர்ஸம்மா வந்தார். ஹிக்கின்சன் ஹைவேயிலிருந்து என்2வில் ஏறும் இடத்தில் பக்கத்து சீட்டில் இருந்து பார்த்தேன். முதல் தடவை அவர் வழக்கம் போலத் தட்டினார், பின்னால் வந்த வெள்ளைப் பக்கி (பிக்கப் வண்டி) இடைவெளியை அடைத்துக்கொண்டு வந்துவிட்டது. சுற்றிக்கொண்டு மறுபடி வந்தோம். இந்தத் தடவை குச்சியை முழுக்க அழுத்தச் சொல்லி, ஸ்டியரிங்கைத் திருப்பாமல் நாலு எண்ணச் சொன்னேன். மூன்று எண்ணும்போதே பக்கக் கண்ணாடியில் தெரிந்த லாரியின் மூக்கு லேசாகத் தாழ்ந்தது, பிரேக்கைத் தொட்டுவிட்டார் என்று அர்த்தம். அவர் விட்ட இடத்தில் நுழைந்து, ஹசார்ட் லைட்டை இரண்டு தட்டுத் தட்டி நன்றி சொன்னோம். பின்னாலிருந்து ஹெட்லைட் ஒரு மினுக்கு. இந்த ஊரில் நன்றிக்குப் பதில் மரியாதை அதுதானே.

இன்னொன்று சத்தம். கொரொல்லா 120 தாண்டினால் காதுக்குத் தெரியும், இது வீட்டு ஹால் மாதிரி அமைதியாக இருக்கும். ஸ்பீடோமீட்டரைப் பார்க்காமல் ஓட்டினால் முன்னால் போகிறவரின் முதுகில் போய் ஏறிக்கொண்டிருப்பது உங்களுக்கே தெரியாது. 120இல் இரண்டு வினாடி இடைவெளி என்றால் 67 மீட்டர் ஐயா... மன்னிக்கவும், அக்கா, வகுப்பில் சொல்லிச் சொல்லி வந்த பழக்கம்.

சரி, ஊர்க் கண் விஷயத்துக்கு வருவோம். பிஎம்டபிள்யூக்காரர் முரடர் என்கிற பேச்சு முழுக்கக் கட்டுக்கதை இல்லை. கலிபோர்னியாவில் நாலு பக்க ஸ்டாப்பில் (நாலு பக்கமும் நின்று போகவேண்டிய சந்திப்பில்) நின்று கவனித்து 2012இல் வெளியிட்ட ஆய்வில், அந்தஸ்தான கார்கள்தான் முறை மீறிக் குறுக்கே புகுந்தது அதிகம். லாஸ் வேகஸில் நடந்து, 2020இல் வெளியான இன்னொரு ஆய்வில் கார் விலை 1,000 டாலர் கூடும்போதெல்லாம், தெருவைக் கடப்பவருக்கு நிற்கும் வாய்ப்பு 3 சதவீதம் குறைந்தது. ஹெல்சின்கி பல்கலைக்கழகத்தினர் 1,892 கார் சொந்தக்காரர்களிடம் விசாரித்ததில், ஆடி, பிஎம்டபிள்யூ, மெர்சிடிஸ் மாதிரிக் கார்களை வைத்திருப்பது பிடிவாதமும் இரக்கக் குறைவும் உள்ள ஆண்களிடம் அதிகமாக இருந்தது. உங்கள் வீட்டுக்காரர் இத்தோடு நிறுத்திக்கொள்வார், ஆனால் அதே ஆய்வில் பொறுப்பும் ஒழுங்கும் உள்ளவர்களும், ஆணானாலும் பெண்ணானாலும், இந்தக் கார்களை விரும்பியிருக்கிறார்கள். இதையும் நாளைக்குக் காலை காபியோடு சேர்த்துக் கொடுங்கள்.

நம் ஊரில் இதற்கு மேல் இன்னொரு கதையும் சேர்ந்திருக்கிறது. பிஎம்டபிள்யூ 1973இலிருந்து பிரிட்டோரியா ரொஸ்லினில் கார் செய்கிறது, 3 சீரிஸ் பல வருஷம் அங்கேயே செய்யப்பட்டது, அதனால் இது இங்கே வெறும் பணக்காரர் வண்டியாக நின்றுவிடவில்லை. 1980களின் பெட்டி வடிவ 3 சீரிஸை குஷேஷே என்பார்கள், சொவேட்டோவில் டயர் புகையக் கரகரவென்று சுற்றிக் காட்டும் வண்டி அது. அந்தப் புகை வாசனை இன்னும் அந்தச் சின்னத்தின் மேல் ஒட்டிக்கொண்டிருக்கிறது, நீங்கள் கோயிலுக்குப் பூ வாங்கப் போனாலும் சரி. ஆனால் ஒன்று, வழி விட்ட பிஎம்டபிள்யூவைப் பற்றி யாராவது வீட்டுக்கு வந்து கதை சொல்லிக் கேட்டிருக்கிறீர்களா? வெட்டிக்கொண்டு போனவனைப் பற்றித்தான் சாப்பாட்டு மேசையில் பேசுவோம்.

வடக்குப் பக்கம் டோங்காட், ஸ்டாங்கர் என்று ஆர்102 ரோட்டில் போவீர்களானால் மஞ்சள் கோடு விஷயமும் வரும். பின்னால் வேகமாக வருகிறவருக்காக மஞ்சள் கோட்டைத் தாண்டி ஓரம் போவது கரும்பு லாரி ஓட்டுகிறவர்கூடச் செய்கிற மரியாதை. ஆனால் சட்டம் அதைப் பகலில் மட்டும், ஒரு பக்கத்துக்கு ஒரே பாதை உள்ள ரோட்டில், 150 மீட்டர் தூரத்துக்கு ஆளும் வண்டியும் தெளிவாகத் தெரிந்தால்தான் அனுமதிக்கிறது. வளைவிலும் மேட்டு உச்சியிலும் போகாதீர்கள், ஓரத்தில் பள்ளிக்கூடப் பிள்ளைகள் நடந்து வருவார்கள். பின்னால் எவன் லைட் அடித்தாலும் அடிக்கட்டும்.

நாலு பக்க ஸ்டாப்பில், ரோபோட் (டிராஃபிக் சிக்னல்) அணைந்து கிடக்கிற சந்திப்பிலும்கூட, முதலில் வந்து நின்றவர் முதலில் போகலாம் என்பது உங்களுக்குத் தெரிந்ததுதான். யார் முதல் என்று சந்தேகம் வரும்போது நாம் கையைக் காட்டி 'நீங்க போங்க' என்போம், இல்லையா? கொரொல்லாவில் உங்கள் கை வெளியே தெரிந்தது. இப்போது கறுப்புக் கண்ணாடிக்குப் பின்னால் நீங்கள் சிரிப்பதும் கும்பிடுவதும் யாருக்கும் தெரியாது. எதிரில் நிற்பவர் பார்ப்பது சின்னத்தையும் இருட்டையும்தான், அதனால் உள்ளே யார் என்பதை அவரே முடிவு பண்ணிக்கொள்கிறார். நான் முதலில் கை வைக்கச் சொல்வது இந்த ஃபிலிமில்தான். சட்டப்படி பக்கக் கண்ணாடி வழியே குறைந்தது 35 சதவீத வெளிச்சமாவது போகவேண்டும், முன் கண்ணாடிக்கு 70. தம்பி ஒட்டியது அதைவிட இருட்டு என்றால் போலீஸ்காரர் நிறுத்தினாலும் பதில் சொல்ல முடியாது.

பக்கக் கண்ணாடிகளில் ஹேர் டிரையரால் சூடு காட்டி, ஒரு மூலையிலிருந்து மெதுவாக உரித்தால் வந்துவிடும், மிச்சப் பசையைச் சோப்புத் தண்ணீரில் துடைத்துக்கொள்ளலாம். பின் கண்ணாடியில் மட்டும் நீங்கள் கை வைக்காதீர்கள், அதில் ஓடுகிற மெல்லிய சூட்டுக் கம்பிகளும் சேர்ந்து உரிந்து வந்துவிடும். அதைக் கடைக்காரரிடம் விட்டுவிடுங்கள்.