சாலை முடிந்த பிறகு மலைக்குள் வழியை எப்படிக் கண்டறிவது?

வரைபடத்தில் சாலை முடியும் இடத்துக்கு அப்பால் மலைக்குள் போகும் தடங்களை எப்படித் தேடுவது என்று கேட்டிருக்கிறீர்கள். போடிநாயக்கனூரை அடுத்த குரங்கணி மலையில்தான் நான் அதிகம் நடந்திருக்கிறேன். அதை வைத்தே சொல்கிறேன்.

ஒரு தடம் எந்தச் சுமைக்காக உண்டானது என்பதைத்தான் முதலில் விசாரிப்பேன். மூணாறுத் தேயிலை ஒரு காலத்தில் குண்டளைப் பள்ளத்தாக்கு வழியே ரயிலில் மலைமேல் இருக்கும் டாப் ஸ்டேஷனுக்கு வந்து, அங்கிருந்து ரோப்வேயில் (கம்பிவடத்தில்) அடிவாரத்துக் கொட்டகுடிக்கு இறங்கி, போடிக்குப் போனது. 1924 வெள்ளத்தில் அந்த ரயில் பாதை அழிந்துவிட்டது. ஆனால் ரோப்வேயின் நடுநிலையம் இருந்த இடம் இன்றும் சென்ட்ரல் ஸ்டேஷன் என்றே அழைக்கப்படுகிறது. அதன் வழியாகக் குரங்கணியிலிருந்து டாப் ஸ்டேஷனுக்கு ஏறும் தடமும் இருக்கிறது. இப்படி ஊர்ப்பெயர்களே பழைய வழியைக் காட்டிக்கொடுப்பதுண்டு.

அடுத்து, இந்திய நில அளவைத் துறையின் 1:50,000 வரைபடத்தை விரித்து, சம உயரக் கோடுகள் நெருங்கிக் கிடக்கும் செங்குத்தான சரிவுகளை விலக்கிப் பார்ப்பேன். சுமையோடு ஏறுகிறவர் அங்கே போகமாட்டார். செயற்கைக்கோள் படத்தைத் துணைக்கு மட்டுமே வைத்துக்கொள்கிறேன்; ஒருமுறை அதில் வெளிறித் தெரிந்த கோட்டை நம்பி முக்கால் மணி நேரம் நடந்தேன், அது ஓர் ஓடையோரத்தில் சாணமும் குளம்புத் தடங்களும் நிறைந்த சேற்றில் முடிந்துபோனது. மாட்டுத்தடம் சரிவின் குறுக்கே கிளை கிளையாகப் பிரிந்து மீண்டும் சேரும். ஆள் நடக்கும் தடமோ வளைந்து வளைந்து மேலேறும். திரும்பி வந்து கிளை பிரிந்த இடத்தில் குனிந்து பார்த்தபோதுதான், பலகாலம் கால்பட்டு நடுவில் குழிந்து வழவழப்பாகியிருந்த படிக்கல் ஒன்று புல்லுக்கடியில் தெரிந்தது.

ஜீப் சாலைகளில் நிலைமை வேறு. தேயிலைத் தோட்டமுள்ள கொழுக்குமலை தேனி மாவட்டத்தில்தான் இருக்கிறது, குரங்கணிக்கு நேர் மேலே. ஆனாலும் வண்டியில் போக வேண்டுமானால் போடிமெட்டு ஏறி, கேரளத்தின் சூரியநெல்லி வழியாகச் சுற்றி, கல்லும் பள்ளமுமான தோட்டச் சாலையில்தான் போகவேண்டும். அதை உள்ளூர் ஓட்டுநர்களிடமே விட்டுவிடுங்கள்.

எல்லாவற்றுக்கும் முன்னதாக வனத்துறையின் அனுமதியைப் பெறுங்கள். 2018 மார்ச் 11 அன்று இந்தச் சரிவுகளில் பரவிய காட்டுத்தீயில் மலையேற வந்தவர்கள் 20 பேருக்கு மேல் இறந்தார்கள். காய்ந்த புல்வெளியில் தீ, மனிதர் ஓடுவதைவிட வேகமாக மேல்நோக்கி ஏறும்; தடம் தெரிந்திருப்பது அப்போது உதவாது. தமிழக அரசு 2024 அக்டோபரில் 40 மலையேற்றப் பாதைகளை வழிகாட்டிகளோடு முறைப்படி திறந்தது. புதிதாகத் தொடங்குகிறவர் அவற்றில் ஒன்றில் நடந்து, உடன் வரும் மலைவாசி வழிகாட்டி கிளைத்தடங்களில் எதைப் பார்த்து வழியை முடிவு செய்கிறார் என்று கேட்டுக்கொண்டே போகலாம். நான் கற்றதில் பெரும்பகுதி அப்படிக் கேட்டுக் கற்றதுதான்.